அத்தாயியின் முகத்தைச் சீராகக் கொண்டுபோன கதை

அத்தாயி இறந்து ஒரு மாமாங்கம் கழிந்த பிறகு, ஒரு சித்திரை மாதத்தில், அவளுடைய மூக்கு அவள் வீட்டார் ஒருவருக்கும் நினைவில் இல்லாமல் போயிற்று. அந்த வருஷம் ஊஞ்சப்பாளையத்தில் பருத்தி நன்றாக வெடித்தது, திருச்செங்கோட்டுச் சந்தையில் மாட்டுக்கு விலை இல்லை, அத்தாயியின் மூக்கு காணாமல் போனது. ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் இன்றைக்கும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். முதலில் கவனித்தவன் மகன் அப்புசாமி. சூரமங்கலத்துக்குப் போய்விட்டுச் சங்ககிரியில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் ஊர் திரும்பும் வழியில் சும்மா அம்மாவை நினைத்துக்கொண்டு வந்தான். நெற்றி வந்தது, கண் வந்தது, அதற்கப்புறம் நடுவில் ஒன்றும் இல்லாமல் நினைப்பு நேரே உதட்டுக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவி சென்னியம்மாளிடம் கேட்டான். அவள் கண்ணை மூடி யோசித்துவிட்டு, காலையில்கூட இருந்தது, இப்போது காணோம் என்றாள். வண்டியின் பின்பக்கம் அத்தாயியின் தங்கை மாரக்காள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வருஷம் அந்த மூக்கோடு கூடப் பழகியவள். அவளுக்கும் இல்லை. மூன்று பேரும் ஊர் வந்து சேர்ந்து, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் காவிரிதான். இருபத்து நாலாம் வருஷத்து ஆடியில் காவிரி கரை தெரியாமல் போனபோது அத்தாயி காய்ச்சலில் கிடந்து இறந்தாள். மூத்தவள் பாவாயியைக் கட்டிக்கொடுத்திருந்தது ஆற்றுக்கு அக்கரையில். நல்ல நாளில் பரிசலில் ஏறினால் வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்ச் சேரலாம். அன்றைக்குப் பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கரையில் தலைவிரி கோலமாகப் பாவாயி நின்று கூவியது, ஆற்று இரைச்சலில் இக்கரைக்கு எட்டவில்லை. கூவுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அப்புசாமி பொறுத்துப் பார்த்தான். சொந்தபந்தங்கள் பொறுக்கவில்லை. வெள்ளம் எப்போது வடியும் என்று யார் கண்டது, நேரமாச்சு, எடுக்கலாம் என்றார்கள். பெரியவர்கள் ஆளாளுக்கு அதையே சொல்ல, அவனும் தலையை ஆட்டிவிட்டான். மேட்டில் எழுந்த புகையைப் பாவாயி அக்கரையில் நின்றபடியே பார்த்தாள்.

வெள்ளம் வடிந்து அவள் வந்து சேர்ந்தபோது சாம்பல் ஆறியிருந்தது. செத்தவர் முகத்தைப் பெற்ற மகள் பார்த்த பிறகுதான் பாடையைத் தூக்குவது. அது எந்தச் சாதியிலும் உள்ள வழக்கம். பாவாயி அழவில்லை. வாசலில் நின்றபடி, வீட்டுக்குள்ளும் வராமல், தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மா மொகத்தக் கொண்டாந்து எனக்குக் காட்டு. அதுக்கப்பறம் என்ற ஊட்டு வாசப்படிய மிதி. அது வரைக்கும் எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இல்ல."

கோபத்தில் சொன்னது, ஆறிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆறவில்லை. மேட்டூரில் அணை கட்டி முடித்தார்கள், காவிரிக்கு வேளாவேளைக்குத் தண்ணீரை அளந்து விடத் தொடங்கினார்கள், ஆறே சொன்னபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. பாவாயி மட்டும் சொன்னதை மாற்றவில்லை. அப்புறம் முப்பத்தேழாம் வருஷப் பிறப்பு கழிந்து அவள் புருஷன் மருதாசலம் பரிசலேறி வந்தான். மகள் வசந்தாமணிக்கு ஆவணியில் கல்யாணம் என்று வெற்றிலை வைத்தான். தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் எந்தப் பெண்ணையும் மணவறைக்குக் கூப்பிட மாட்டார்கள். மாமன் உயிரோடு இருந்துகொண்டு வராவிட்டால், அந்தப் பெண் போகிற வீட்டில் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாவாயி என்ன சொல்கிறாள் என்று அப்புசாமி கேட்டான். மருதாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதேதான் சொல்றா மாப்ள" என்றான்.

அன்றைக்குத்தான் அப்புசாமிக்கு அந்த யோசனை வந்தது. அக்கா கேட்டது முகம். சீர்த் தட்டில் முதல் தட்டாக அம்மாவின் முகத்தையே எழுதிக் கொண்டுபோய் வைத்துவிடுவது. கேட்பதற்கு லேசாகத்தான் இருந்தது. ஆனால் அத்தாயியைப் போட்டோ பிடித்தவர் கிடையாது. ஒரு தரம் சேலத்திலிருந்து போட்டோக்காரர் மூன்று கால் பெட்டியோடு ஊருக்கு வந்தபோது, படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அத்தாயி சோளக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆயுசு எப்படியும் குறைந்துவிட்டது, படம் மட்டும் இல்லை.

சூரமங்கலத்தில் ரயில் ஆபீசுக்குப் போகிற வழியில் அருணகிரி என்று ஒரு சித்திரக்காரன் இருந்தான். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவான், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதுவான், ரயில்வேக்காரர்கள் கொண்டுவரும் போட்டோவைப் பார்த்துச் சாயத்தில் பெரிதாக எழுதிக் கண்ணாடி போட்டும் கொடுப்பான். ஆத்தூருக்கு மேற்கே உள்ள இந்தப் பக்கத்து ஜனங்கள் தன்னை "ஏஞ்சாமி, வாங்க சாமி" என்று அழைப்பதைத் தன் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தான். போட்டோவே இல்லாமல், சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று அப்புசாமி கேட்டபோது அவனுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, தன்னால் முடியாது என்று சொல்ல வாய் வராமல் சரி என்றான். அந்த மனிதனின் குணம் அது.

முதல் தடவை அப்புசாமி அம்மாவின் மூக்கைப் பற்றிச் சொன்னது, அது மூக்கு மாதிரி இருக்கும் என்பதுதான். அருணகிரி கரித்துண்டை எடுத்து, கை போன போக்கில் தனக்குப் பழக்கமான முகத்தைப் போட்டான். அவன் யாரை எழுதினாலும் திரைச்சீலை மகாலட்சுமி மாதிரிதான் வரும். மாரக்காள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். எங்கக்கா இந்த அழகில் இருந்திருந்தால் எங்கப்பன் அவளைக் காட்டு வேலைக்கு அனுப்பியிருப்பானா என்று அவள் கேட்ட பிறகு துணியை எடுத்து முகத்தை அழித்தான். பூச்சாடியும் நாற்காலியும் வைத்து, ஜமீன்தார் வீட்டுப் படம் போல உட்கார வைத்து எழுத வேண்டும் என்பது அப்புசாமியின் ஆசை. உங்கம்மா உட்கார்ந்து யார் பார்த்தார்கள் என்று சென்னியம்மாள் கேட்டாள். அதுவும் நியாயமாகவே பட்டதால் நாற்காலியும் போயிற்று. வெள்ளைச் சேலையில் நின்றபடிதான் அத்தாயி சித்திரச் சீலைக்குள் வரத் தொடங்கினாள். மூக்கை மட்டும் அன்று பகல் முழுவதும் போட்டுப் போட்டு அழித்தான். நுனி கொஞ்சம் இறங்கட்டும், இறங்கினது போதும், இடது பக்கம் ஒரு பூசணி விதை அளவுக்குப் புடைப்பு உண்டு. கடைசியில் ஒன்று வந்தது. மூன்று பேரும் ஒரே குரலில், "ஆமா, இதேதான்" என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லியாயிற்று.

அடுத்த தடவை குப்பாயியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் அத்தாயியோடு சேர்ந்து களை எடுத்தே காலத்தைக் கழித்தவள். குனிந்து வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்து ஆளின் காதுதான் கண்ணுக்கு நேராகத் தெரியும். தோள் வரை தொங்கும் அந்த வளர்த்த காதை அவள் விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். அருணகிரி எழுதினான். "ஆமாங்க சாமி, இதே காதுதானுங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னவள், சொல்லி முடித்ததும் வழியில் போய்க்கொண்டே எதற்குப் போகிறோம் என்பதை மறந்தவள் போல நின்றாள். "ஆரு காதுங்க இது?" என்று கேட்டாள்.

அப்போது சென்னியம்மாளுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. தப்பாக எழுதினால் ஒன்றும் ஆவதில்லை. சரியாக எழுதி, பார்த்தவர் ஆமாம் என்று ஒப்புக்கொண்டால், அது ஒப்புக்கொண்டவர் மனதை விட்டு எழுந்து படத்துக்குப் போய்விடுகிறது. பார்ப்பதால் போவதில்லை, சொல்வதால் போகிறது. அருணகிரிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சாயல் சரியா இல்லையா என்று ஊர் ஊராகச் சண்டை பிடித்து வந்தவனுக்கு, சரி என்பதற்கு இப்படி ஓர் அத்தாட்சி இதுவரை கிடைத்ததில்லை. அப்புசாமியின் கணக்கு வேறு. படம் முடிந்தால் அம்மா இவர்களில் ஒருவரிடமும் இருக்க மாட்டாள். அப்புறம் அந்தப் படத்துக்குத் தீயோ தண்ணீரோ ஒன்று நேர்ந்தால், அத்தாயி என்று ஒருத்திக்கு இருந்த முகமே உலகத்தில் இல்லை.

சென்னியம்மாள் ரயிலில் வரும்போது அதைத்தான் சொன்னாள். "பாதி மொகம் படத்துல இருக்குது, பாதி நம்மகிட்ட இருக்குதுங்க. இத்தோட நிறுத்திக்குங்க." அப்புசாமி அதை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தான். பாதி முகத்தை அக்காவிடம் காட்டவும் முடியாது, பாதி முகத்தை வைத்துக்கொண்டு அம்மா என்று நினைக்கவும் முடியாது. வசந்தாமணியைக் கைக்குழந்தையாகப் பார்த்தது. இப்போது கல்யாணப் பெண். மாமன் இல்லாமல் அவள் பந்தலில் நிற்பதை நினைத்துப் பார்த்தான். நிறுத்துவதில்லை என்றான்.

ஒருவர் முதலில் கொடுப்பதும், அத்தாயியைத் தெரிந்த மற்றவர்கள் பின்னாலேயே ஆமாம் சொல்லிக் கொடுப்பதும் வழக்கமாயிற்று. நெற்றியை மாரக்காள் கொடுத்தாள். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. "எனக்கென்ன சாமி, நாளைக்கோ நாளான்னிக்கோ நேர்லயே போய்ப் பாக்கப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே ஆமாம் சொன்னாள். புருவத்தைச் சென்னியம்மாள் கொடுத்தாள். மாமியார் மனசு எப்படி இருக்கிறது என்பதை விடிந்ததும் அந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அது போனதும் அவளுக்கு லேசாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. கண் மட்டும் பாக்கி. அதை முதலில் கொடுக்க அப்புசாமியைத் தவிர ஆள் இல்லை. அவன் சாப்பிடும்போது எதிரில் நின்று, அவன் வாய்க்குப் போகும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. இமை கொஞ்சம் இறங்கியிருக்கும், வெயிலைப் பார்க்கிற மாதிரி ஓரத்தில் சுருக்கம் விழும், மற்றவர்கள் கோபம் என்று நினைப்பார்கள். அருணகிரி எழுதி முடித்து நகர்ந்துகொண்டான். அப்புசாமி பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் போய்விடுவாள் என்று தெரிந்து பேசாமல் உட்கார்ந்திருந்தான். வெளியே ரயில்வேக்காரர்கள் வேலை முடிந்து சைக்கிளில் போனார்கள். ஊருக்குப் போகிற வண்டி ஊதியது. அவன் ஆமாம் என்றான். அதற்குப் பிறகு அம்மா என்று நினைத்தால் ஒரு வெள்ளைச் சேலை வந்தது, வரப்பில் வேகமாக நடக்கிற கால் வந்தது. அதற்கு மேலே ஒரு வாய் மட்டும் இருந்தது.

வாய்தான் வரவில்லை. ஆனி போய் ஆடி போய் ஆவணி வந்தும் வரவில்லை. இத்தனைக்கும் வாயைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அத்தாயி "சாமி" என்று சொல்லும்போது வாய் எப்படி இருக்குமோ அப்படி எழுத வேண்டும், அதுதான் அவளுடைய வாய். அருணகிரிக்கு அது சுலபமாகப் பட்டது. சாமி கும்பிடுகிறவர்களை அவன் எத்தனையோ திரைச்சீலைகளில் எழுதியிருக்கிறான். கர்ப்பகிரகத்துக்கு முன்னால் நின்று உருகிச் சொல்கிற வாயை எழுதினான். ஒருவருக்கும் ஒன்றும் மறக்கவில்லை. உதட்டை இன்னும் கொஞ்சம் உருக்கினான், கெஞ்ச வைத்தான், கண்ணீர் விழப்போகிற மாதிரி ஓரத்தைத் துடிக்க வைத்தான். பார்த்தவர்கள் எல்லோரும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அத்தாயியின் வாயைப் பத்திரமாகத் தங்களிடமே வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எங்கே பிசகு என்று அவனுக்கும் தெரியவில்லை, இவர்களுக்கும் தெரியவில்லை. கல்யாணத்து நாள் வந்துவிட்டது. வருவது வரட்டும் என்று படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். தன் தொழில் தோற்றுப்போன இடத்தைக் கடைசி வரை பார்த்துவிடுவது என்று அருணகிரியும் சாயப் பெட்டியோடு கூடவே வந்தான்.

ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. சீர்த் தட்டுகளும் சொந்தக்காரர்களும் முன் பரிசல்களில் போய்விட்டார்கள். கடைசிப் பரிசலில் அப்புசாமி, சென்னியம்மாள், மாரக்காள், குப்பாயி, அருணகிரி, பரிசல்காரன் மாதையனின் ஆட்டுக்குட்டி ஒன்று. படத்தைப் புது வேட்டியில் சுற்றி அப்புசாமி மார்போடு அணைத்திருந்தான். சாயம் இன்னும் முழுக்கக் காயவில்லை, கண்ணாடி போடவில்லை. நடு ஆற்றில் சுழல் பிடித்துப் பரிசல் தட்டாமாலை சுற்றியது. ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறி அப்புசாமியின் மடியை நனைத்தது. அவன் படத்தைத் தலைக்கு மேல் தூக்கினான். தூக்கியதால் பரிசல் இன்னும் சாய்ந்தது. இக்கரையில் ஒருவருக்கும் இல்லாத முகம் அவன் இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்தது. அன்றைக்கு அவன் இந்த ஆற்றைச் சாக்காக வைத்துத்தான் அம்மாவின் பாடையை எடுத்தான். இன்றைக்கு அதே ஆறு கையை நீட்டிக் கேட்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. தரமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னான். சென்னியம்மாள் அவன் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாதையன் துடுப்பை ஊன்றியபடி, "அசையாம உக்காரு சாமி" என்றான். பிறகு, பயத்தில் துள்ளிய ஆட்டுக்குட்டியைக் காலால் அணைத்து, "ஒண்ணுமில்ல சாமி, கரை வந்துருச்சு" என்றான்.

பரிசல் சுழலை விட்டு வெளியே வந்தது. அருணகிரி விளிம்பைப் பிடித்தபடி ஆட்டுக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டை ஏன் சாமி என்கிறாய் என்று மாதையனைக் கேட்டான். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று மாதையன் கேட்டான். அருணகிரி மெதுவாக அப்புசாமியின் பக்கம் திரும்பினான்.

"ஏங்க, உங்க அம்மா சாமின்னு சொன்னது சாமியத்தானே?"

"என்னையுங்க" என்றான் அப்புசாமி. தன் பெயரைத்தான் அம்மா செல்லமாகச் சுருக்கினாள் என்பது இத்தனை வருஷமும் அவன் எண்ணம்.

"என்னையுந்தானுங்க சாமி" என்றாள் குப்பாயி. "களையெடுக்கறப்ப, தண்ணி வேணுமா சாமிம்பாங்க."

என்னையுந்தான், என்றாள் சென்னியம்மாள். திட்டும்போதும் அதைச் சொல்லித்தான் திட்டுவாள். தங்கச்சி நான், என்னையுமே அப்படித்தான் கூப்பிட்டாள் என்றாள் மாரக்காள். அப்புசாமிக்கு ஒரு கணம் வலித்தது, பிறகு அந்த வலியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அருணகிரி நெற்றியில் அடித்துக்கொண்டான். மாதக்கணக்காக அந்தம்மாளைக் கோயிலுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டேனே என்றான். கூடவே, சூரமங்கலத்தில் ஊரே தன்னைச் சாமி என்று அழைத்ததன் கணக்கும் அவனுக்கு அந்த இடத்தில் தெரிந்துபோயிற்று. ஆனால் தெரிந்து என்ன செய்வது? அப்படிச் சொல்கிற வாயை உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பந்தலில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தை நடத்தித் தருகிற அருமைக்காரர், கம்பத்தின் நிழல் விழுகிற இடத்தில் மண்ணில் ஒரு கோடு கிழித்துவிட்டு, நிழல் கோட்டைத் தாண்டினால் முகூர்த்தம் போயிற்று என்று சொல்லியிருந்தார். அப்புசாமி வாசலில் நின்றுவிட்டான். சீர்த் தட்டுகளைச் சுமந்தவர்களும் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். பாவாயி வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்புசாமி சுற்றியிருந்த வேட்டியைப் பிரித்துப் படத்தைத் திருப்பினான்.

அவள் பார்த்தாள். கண் அம்மாவுடையது, நெற்றி அம்மாவுடையது, இந்த வாய் வேறு யாருடையதோ என்றாள். மேளம் நின்றுபோயிற்று. மருதாசலம் அவள் பக்கத்தில் வந்து, நேரம் போகிறது, இந்த மட்டுக்கும் விடு என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை. மேளச் சத்தம் நின்றதைக் கேட்டு வசந்தாமணி கூறைச் சேலையோடு கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே நிற்பவன்தான் மாமன் என்று புரிந்து, அவன் உள்ளே வரமாட்டானோ என்று முகம் வெளுத்தது. பாவாயி திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி. நீ உள்ள போ."

அருணகிரி இருந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். படத்தை வாங்கித் தொடை மேல் வைத்துக்கொண்டான். துணியால் பழைய வாயைத் துடைத்து எடுத்தான். இன்னொரு முறை சொல்லச் சொல்லி அவளைக் கேட்கவில்லை, அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அதட்டலும் கொஞ்சலும் ஒன்றாக இருந்த, எதிரில் நிற்பது குழந்தையா கிழவியா ஆடா என்று பேதம் பார்க்காத அந்த வாயை இரண்டு மூன்று இழுப்பில் எழுதிவிட்டு எழுந்தான். மாரக்காள் முதலில் ஆமாம் என்றாள். குப்பாயி சொன்னாள், சென்னியம்மாள் சொன்னாள், பின்னால் தட்டோடு நின்ற சொந்தக்காரர்களும் சொன்னார்கள். பொறுக்க முடியாமல் அப்புசாமியும் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு பார்த்தால், வெள்ளைச் சேலை கட்டிய யாரோ ஓர் அம்மாள் படத்தில் நின்றுகொண்டிருந்தாள். முன்பின் பார்த்திராத முகம். தன் அக்காவின் வாசலுக்குத் தான் யாரைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. இது அம்மாதானா என்று சொல்ல இனி உலகத்தில் ஒருத்திதான் பாக்கி.

சென்னியம்மாள் முன்னால் போய், ஆமாம் என்று சொன்னால் மனதில் இருப்பது போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்று பாவாயியின் காதில் சொன்னாள். பாவாயி கேட்டுக்கொண்டாள். படத்தின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். பாடைக்குப் பக்கத்தில் பெண்கள் உட்காருவது போலக் காலை நீட்டி, கையை மடியில் வைத்து உட்கார்ந்து அம்மாவைப் பார்க்கத் தொடங்கினாள். நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கினாள். புருவம், கண், அந்தப் பூசணி விதைப் புடைப்பு, காது. அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே பார்த்தாள்.

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் நிழலையும் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சீர்த் தட்டை நினைத்துத்தான், "நேரமாச்சு, எடுக்கலாமுங்களா?" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்புசாமி திரும்பினான். அம்மா செத்த அன்றைக்குச் சொந்தபந்தங்கள் சொன்ன அதே சொல். அன்றைக்கு அவன் தலையை ஆட்டினான்.

"ஆரும் எடுக்க வேண்டாம்" என்றான். "எங்கக்கா பாத்து முடிக்கட்டும்."

முகூர்த்தம் போய்விடும் என்றார்கள். போகட்டும் என்றான். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். அவன் வாசலுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு, ஒருவரும் அக்காவை நெருங்காதபடி நின்றான். பெண்ணின் கல்யாணம் கெட்டுப்போனால் அந்தப் பழியும் தன் தலையில்தான் விழும் என்று தெரிந்தேதான் நின்றான். கம்பத்தின் நிழல் கோட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றுவிட்டது. பாவாயி பார்த்து முடிக்கிற வரைக்கும் அது நகரவில்லை. அருமைக்காரர் குனிந்து அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சரி, நேரம் இருக்கிறது என்று சொல்லி வெற்றிலை போட்டுக்கொண்டார். ஆறுகூடக் கொஞ்ச நேரம் நின்றது என்று பரிசல்காரன் மாதையன் சொல்வான். அவன் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறவன் என்பதால் அதை யாரும் நம்புவதில்லை.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள்.

"ஆமா" என்றாள். "எங்கம்மாதான்."

சொல்லிவிட்டுப் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளியை, ஒறம்பரையைப் பார்க்கிற பார்வை அது. "ஆருங்க இந்தம்மா, வெய்யல்ல நிக்கறாங்களே, உள்ள கொண்டாந்து வெய்யுங்க" என்று யாரிடமோ சொன்னாள். பிறகு தம்பியின் நனைந்த வேட்டியைப் பார்த்தாள். படத்தில் இருந்த அதே வாயால், "வா சாமி" என்றாள். அப்புசாமி வாசப்படியை மிதித்து உள்ளே போனான். நிழல் நகர்ந்தது, மேளம் தொடங்கியது, தாலி முகூர்த்தத்துக்குள்ளேயே ஏறியது.

அதற்கப்புறம் உலகச் சண்டை வந்து, மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஜனங்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். மாரக்காள் நேரில் பார்க்கப் போய்விட்டாள். அருணகிரிக்கு மறப்பதற்கு என்று எதுவும் இல்லாததால் அந்த முகம் அவனை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு அவன் எழுதிய திரைச்சீலை மகாலட்சுமிகள் எல்லாம் கொஞ்சம் இறங்கிய மூக்கோடும், யாரையோ கூப்பிடுகிற வாயோடும் இருந்தார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள், தங்களைத்தான் கூப்பிட்டது போல, திரை ஏறும் வரை முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

படம் பாவாயி வீட்டு நடுச்சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அப்புசாமி நோம்பி நொடி என்று பண்டிகைக்குப் பரிசலேறி வருவான். அக்காவும் தம்பியும் அதன் கீழேதான் சாப்பிட உட்காருவார்கள். இருவருக்கும் அது யார் என்று தெரியாது. அம்மா என்று பெயரளவில் தெரியும், முகம் பிடிபடாது. வசந்தாமணியின் மகளுக்கு மறக்க ஒன்றும் இல்லாததால் அவளுக்கு நன்றாகத் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் அப்புசாமி ஒவ்வொரு தடவையும் மேலே கையைக் காட்டி, "ஆரு சாமி அது?" என்று அவளைக் கேட்பான். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவள், "உங்கம்மாதான்" என்பாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டு, கை கழுவச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போவான்.